குடைக் கம்பி

எங்கள் வீட்டில் ஒரு திருப்புளி இருக்கிறது. பார்ப்பதற்கு ஒன்றும் அழகாக இராது. கருவேலங் கட்டையில் ஒரு பிடி. பிடிக்கு ஒரு பித்தளைப் பூண். பூணிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு எட்டுப் பட்டை கொண்ட எஃகுத் துண்டு. கடையில் விற்கிற திருப்புளிகளின் நுனி ஆப்பு மாதிரி சரிந்து இறங்கும். இதன் நுனி அப்படி இல்லை. ஒரே கனத்தில் தட்டையாக நிற்கும். அதை என்னைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று நான் ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறேன். என் மனைவி அந்தச் சட்டத்தை மதிக்கிறாள், பேரன்மார் மதிப்பதில்லை. போன மாதம் சின்னவன் அதைக் கொண்டு பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் டப்பாவையே கீழே போட்டுவிட்டான். கூடமெல்லாம் பச்சை.

"ஒரு இரும்புத் துண்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? குழந்தை கையில் கிடைத்ததை எடுத்தான்" என்றாள் மனைவி.

கையில் கிடைத்ததை எடுத்தான்! இந்த வார்த்தையைக் கேட்டதும் என் கோபம் அடங்கிவிட்டது. ஏனென்றால் நானும் ஒரு நாள் கையில் கிடைத்ததை எடுத்தவன்தான். நான் எடுத்தது குடைக் கம்பி.

அது 1961-ஆம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. பரீட்சை முடிந்த மறுநாளே மாமா ஊருக்குப் புறப்பட்டுவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலை மொத்தம் பதினெட்டு மைல். மாமாவின் கிராமம் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, கடலுக்குப் போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு இரும்புச் சாமானும் சொல்லும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சிவக்கும். கிணற்று ராட்டினம் அழும். அத்தையின் அரிவாள்மனையை ஒரு வாரம் உபயோகிக்காமல் வைத்தால் காவி கட்டிக்கொள்ளும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து குளுகுளு என்று ஒரு காற்று வருமே, அதை நாங்கள் அனுபவித்துக்கொண்டு திண்ணையில் படுத்திருப்போம். வீட்டில் உள்ள இரும்புக்கெல்லாம் அது யமன்.

அந்த வீட்டில் ஒரு ரைபிள் இருந்தது. மாமா வேட்டைப் பிரியர் அல்ல. அவருக்கு நான்கு ஏக்கர் இறவை நிலம், அதில் வேர்க்கடலை. மேற்கே உள்ள குன்றுகளிலிருந்து காட்டுப் பன்றிகள் இரவில் இறங்கிவரும். கடலை முற்றுகிற சமயம் அவற்றுக்கு எப்படித்தான் தெரியுமோ, ஒரே இரவில் கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். அதற்காகப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று கலெக்டர் கச்சேரிக்கு நடையாக நடந்து வாங்கிய லைசென்ஸ். துப்பாக்கி பர்மிங்ஹாமில் செய்தது, பி.எஸ்.ஏ. வாசகர்களில் பெரியவர்கள் பலர் இந்த மூன்றெழுத்தைச் சைக்கிளில்தான் பார்த்திருப்பார்கள். 1861-ல் துப்பாக்கி செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனி அது, சைக்கிளெல்லாம் பிற்பாடு. பழைய பி.எஸ்.ஏ. சைக்கிளின் முன்முகத்தில் உள்ள முத்திரையைக் கவனித்தால் மூன்று துப்பாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது தெரியும். பட்டாளம் உபயோகித்த .303 அளவு ஜனங்கள் கையில் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரச் சர்க்கார் தடுத்திருந்ததால், அந்தக் கம்பெனி இந்தியாவுக்கென்று .315 அளவில் ரைபிள் செய்து அனுப்பிற்று. பின்னாளில் நம் சர்க்கார் தொழிற்சாலைகளும் அதே அளவில் செய்தன. பட்டாளத்து ரைபிளின் தம்பி என்று சொல்லலாம். பின்னால் உள்ள போல்ட்டை இழுத்து அடைக்கிற அமைப்பெல்லாம் அண்ணனுடையதே.

துப்பாக்கி விஷயத்தில் மாமாவுக்குச் சில நியமங்கள் உண்டு. போல்ட்டை மாத்திரம் தனியே கழற்றித் தோட்டாக்களோடு இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவார். துப்பாக்கி சுவரில் தொங்கும். பறவையைச் சுட மாட்டார். "நம்ம ஜில்லாவிலே பறவையைச் சுட்டா பாவம் மட்டும் இல்லடா, பத்திரமே இருக்குது" என்பார். அவர் சொன்னது வேடந்தாங்கலைப் பற்றி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில், ஏரியில் தங்கும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதைப் பொறுக்காமல் அந்த ஊர்க் குடியானவர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கௌலாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் ஜில்லாவில் துப்பாக்கிக்குக் கடிவாளம் போட்ட முதல் ஆசாமிகள் விவசாயிகளே என்பதில் மாமாவுக்கு ஏகப் பெருமை.

இவ்வளவு நியமம் உள்ள மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் அசட்டையாக இருந்தார். துப்பாக்கியோடு கூடவே வந்த பித்தளைத் துடைகோலை யாரோ ஒரு சிநேகிதர் இரவல் வாங்கிப் போய்த் திருப்பவில்லை. இரவல் போன புஸ்தகமும் குடையும் திரும்பாது என்பார்கள். அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். புதிது வாங்கவேண்டுமானால் மௌண்ட் ரோடுக்குப் போகவேண்டும். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரையில் குழலின் மேற்புறத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதோடு சரி.

ஒரு நாள் மாமா வழக்கு விஷயமாகச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தார். நான் அவருக்கு ஓர் உபகாரம் செய்வதென்று தீர்மானித்தேன். உலகத்தில் நடக்கிற பாதி நாசம் உபகாரம் செய்கிற எண்ணத்தில்தான் நடக்கிறது. பரணில் ஒரு செத்த குடை கிடந்தது. அதிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினேன். குடைக் கம்பியின் நுனியில் துணியைத் தைக்க ஒரு கண் இருக்கும் அல்லவா? அந்தக் கண்ணில் மாமாவின் பழைய வேட்டிக் கிழிசல் ஒன்றைக் கோத்து முடிந்தேன். ஆகா, துடைகோல் என்றால் இதுவல்லவா துடைகோல் என்று எனக்கே ஒரு மெச்சுதல். துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாய் வழியாகக் கம்பியை உள்ளே விட்டேன்.

ஏன் வாய் வழியாக? திருக்கழுக்குன்றத்துத் திருவிழாவில் நரிக்குறவர்கள் தங்கள் துப்பாக்கியைச் சலாகை விட்டுக் கெட்டிப்பதை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்தத் துப்பாக்கிக்கு ஒரே வாய்; மருந்தும் குண்டும் சலாகையும் அந்த வழியேதான் போகவேண்டும். அதற்கு அது சரியான முறை. ரைபிளுக்குப் பின்பக்கமும் ஒரு வாய் உண்டு. போல்ட்டைக் கழற்றினால் குழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை திறந்து கிடக்கும். அதைப் பின்னாலிருந்துதான் துடைக்கவேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

துணி கொஞ்ச தூரம் தாராளமாகப் போயிற்று. பிறகு முக்கிற்று. நான் இன்னும் முக்கினேன். நடுக் குழலில் போய் ஒரேயடியாக நின்றுவிட்டது. இழுத்தேன். கம்பி வந்தது, துணி வரவில்லை. நுனியில் இருந்த கண் பிய்ந்துபோயிருந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். துப்பாக்கியைக் கட்டையிலிருந்து பிரித்தால் துணியை எடுத்துவிடலாம் என்று தோன்றிற்று. அடியில் ஒரு திருகாணி தெரிந்தது. திருப்புளி இல்லை, மேஜைக் கத்தி இருந்தது. கத்தி நுனியைப் பள்ளத்தில் வைத்து முழு பலத்தோடும் திருகினேன். கத்தி வழுக்கிற்று, மறுபடியும் வைத்தேன், மறுபடியும் வழுக்கிற்று. திருகாணி அசையவில்லை. ஆனால் அதன் பள்ளத்தின் உதடு கிழிந்து, பளபளவென்று வெள்ளைக் காயம் தெரிந்தது. அந்தக் காயத்தில் விளக்குக் கரியைத் தடவிவிட்டு, துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு, சாப்பிடப் போய்விட்டேன்.

மாமா ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பினார். கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே கொல்லைக் காவல்காரர் ஓடிவந்தார்: "ஐயா, இறங்கிடுச்சு. ஏழெட்டு இருக்கும்."

மாமா சாப்பிடக்கூட இல்லை. பெட்டியைத் திறந்து போல்ட்டை எடுத்து, இருட்டிலேயே பழகின கையால் மாட்டினார். மூன்று தோட்டா. டார்ச் விளக்கு. வரப்பில் இறங்கி நடந்துவிட்டார்.

நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். குழலுக்குள் துணி இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு விஞ்ஞான ரீதியாக ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வயிற்றுக்குள் ஒரு கல். இப்போது தெரியும். தோட்டாவில் மருந்து எரிந்ததும் குண்டு கண் இமைப்பதற்குள் குழலைக் கடந்துவிடவேண்டும். வழியில் ஒரு தடை இருந்தால், குண்டு அங்கே முட்டித் திணறுகிற அந்த ஒரு கணத்தில் அழுத்தம் எல்லாம் குழலின் சுவர்மேல் பாயும். அதிர்ஷ்டம் இருந்தால் எஃகு பூசணிக்காய் மாதிரி உள்ளிருந்து வீங்கும். இல்லாவிட்டால் பிளக்கும். துப்பாக்கிக்காரனின் இடது கை அந்தக் குழலின் கீழேதான் இருக்கிறது. முகம் ஒரு முழத்துக்குப் பின்னால்.

நான் ஓடினேன். செருப்பு இல்லை, விளக்கு இல்லை. வாய்க்காலில் ஒரு தடவை விழுந்தேன். கடலைக் கொல்லையின் ஓரத்தில் ஒரு பனை மரத்தடியில் மாமா முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டை தோளில் இருந்தது. காவல்காரர் கையில் டார்ச். அதை அவர் அழுத்தப் போகிற சமயம்.

"மாமா! சுடாதீங்க!"

கொல்லை முழுவதும் கடகடவென்று ஒரு சத்தம். பன்றிகள் கலைந்து போயின. மாமா திரும்பினார். "இன்னாடா?" என்று அவர் கேட்ட குரலில் ஓர் அறை இருந்தது. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன், எந்த வார்த்தையில் சொன்னேன் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. குடை, துணி, கம்பி என்று உளறியிருப்பேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். போல்ட்டைக் கழற்றினார். காவல்காரரைக் குழல்வாய்க்கு எதிரே டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, பின்பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். அப்போதும் வரவில்லை.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்று இரவு கடலைக் கொல்லையைக் காத்தது ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னும் ஒரு கட்டையும்தான். மாமாவும் காவல்காரரும் மாறி மாறி விடியும்வரை தட்டினார்கள். பன்றி மறுபடியும் வரவில்லை என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஊரில் பட்டாளத்துத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தின் ஆயுதப் பட்டறையில் வேலை பார்த்தவர். 1943-ல் அந்தப் பட்டறைகளையெல்லாம் ஒன்றாக்கி இ.எம்.இ. என்று தனிப் படைப் பிரிவு ஏற்படுத்தினார்கள். அதில் ஆர்மரர், அதாவது துப்பாக்கி வைத்தியர். பர்மா எல்லையில் மழைக் காலத்தில் ஆயிரக்கணக்கான ரைபிள்களைத் துருவிடமிருந்து காப்பாற்றின கை அது. மறுநாள் காலை மாமா துப்பாக்கியை ஜமக்காளத்தில் சுற்றிக்கொண்டு அவரிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

தாத்தா முதலில் குழலைப் பார்க்கவில்லை. திருகாணியைப் பார்த்தார். கட்டைவிரலால் கரியைத் துடைத்தார். "இதை யார் கடிச்சது?" என்றார்.

அவரிடம் பட்டாளத்து உபகரணம் ஒன்றுகூட இல்லை. "அதெல்லாம் சர்க்கார் சொத்து. எண்ணி ஒப்படைச்சிட்டு வந்துட்டேன்" என்றார். பின்னே என்ன செய்வார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அவர் முதலில் குழலுக்குள் இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு நன்றாகக் காய்ந்த கெட்டி மூங்கில் ஒன்றைப் பிளந்து சீவ ஆரம்பித்தார். உடைந்த பாட்டில் கண்ணாடியால் அதை இழைத்தார். அவசரமே இல்லை. மத்தியானம் வரை இழைத்தார். நடுநடுவே ஒரு காலித் தோட்டாவின் கழுத்தில் அந்தக் கோலை விட்டுப் பார்ப்பார். குண்டு உட்கார்ந்திருந்த இடம் அது. குழலின் அளவைவிட ஒரு நூல் பெரியது. அதில் கோல் லொடலொடவென்று ஆடுகிற வரையில் அவருக்குத் திருப்தி இல்லை. விரலால் நீவி, ஒரு சிம்பு தட்டினால் மறுபடியும் கண்ணாடி. மறுநாள் காலையில் போல்ட் இல்லாத பின்வாய் வழியாக அந்தக் கோலை விட்டு, "வந்த வழியே அனுப்பிடணும் தம்பி" என்று சொல்லிக்கொண்டு, சின்னச் சின்னத் தட்டாகத் தட்டினார். என் துணி குழல்வாயில் எட்டிப் பார்த்தது. கறுப்பாக, நாற்றமாக, மாமாவின் வேட்டிக் கரையோடு.

வாசகர்கள் கவனிக்க வேண்டும். என் கம்பியும் வீட்டில் கிடைத்தது. அவர் கோலும் வீட்டில் கிடைத்தது. இரண்டும் கடையில் வாங்கினவை அல்ல. ஆனால் நான் குடைக்காகச் செய்த சாமானைத் துப்பாக்கிக்குள் திணித்தேன். அவர் துப்பாக்கியை அளந்துகொண்டு மூங்கிலிடம் போனார். அளந்த சாமான், அளக்காத சாமான் என்று இரண்டே ஜாதிதான் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அத்தோடு தாத்தா விடவில்லை. அத்தையைக் கூப்பிட்டு ஒரு குண்டான் நிறைய வெந்நீர் கொதிக்க வைக்கச் சொன்னார். மாமா திடுக்கிட்டார். "அண்ணே, தண்ணியா? துருப் பிடிச்சிடாதா?"

"உப்பை எண்ணெயிலே கரைக்க முடியுமா, உன் வீட்டுக்காரம்மாவைக் கேளு" என்றார் தாத்தா.

விஷயம் இதுதான். தோட்டாவின் அடியில் ஊசி குத்துகிற இடத்தில் ஒரு சின்னப் பொட்டு உண்டு. அந்தக் காலத்துத் தோட்டாக்கள் பலவற்றில் அந்தப் பொட்டு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருப்பார்கள். அது வெடித்த பிறகு பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலுக்குள் படியும். நம் சமையல் உப்புக்கு அது சித்தப்பா பிள்ளை. காற்றில் ஈரம் கண்டால் இழுத்து வைத்துக்கொள்ளும்; இரும்பைத் தின்னும். எண்ணெய்க்கு அது மசியாது. மேலே எண்ணெய் தடவினால், எண்ணெய்க்குக் கீழே சௌக்கியமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். மாமா ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் குழலுக்கு வெளியே தேங்காய் எண்ணெய் தடவியது, வயிற்று வலிக்காரனுக்கு முதுகில் தைலம் தேய்த்த மாதிரி. போதாததற்கு, தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து போல்ட்டின் வில்லைக் கட்டிப்போட்டுவிடும்; நாளானால் காறிவிடும்.

பட்டாளத்தில் வெந்நீர் விடுவதற்கென்றே வளைந்த குழாய் வைத்த புனல் உண்டாம். இங்கே அது ஏது? அத்தை கெண்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கெண்டியின் மூக்கு பின்வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. தாத்தாவுக்கு மகா சந்தோஷம். "பட்டாளத்திலே இது இருந்திருந்தா எனக்குக் கை வெந்திருக்காது" என்றார். நாலு கெண்டி கொதிநீர். குழல் கையால் தொடமுடியாத சூடாயிற்று; அந்தச் சூட்டிலேயே ஈரம் தானாக உலர்ந்துபோயிற்று. பிறகு நாலங்குலத்துக்கு இரண்டங்குலம் என்று வெட்டின பிளானல் துணி. அந்த அளவுக்குப் பட்டாளத்தில் 'ஃபோர் பை டூ' என்றே பெயர். துணியிலேயே சிவப்புக் கோடு போட்டு வருமாம், சிப்பாய் அளவு தப்பாமல் கிழிப்பதற்காக. முதல் துணி கறுப்பு, இரண்டாவது காவி, ஏழாவதோ எட்டாவதோ வெள்ளையாக வந்தது. கடைசியாகத் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய், பெயருக்கு ஒரு துளி. மாமா குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். உள்ளே வெள்ளிக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வரிப் பள்ளங்கள். கடைசியில் ஒரு வட்ட வெளிச்சம். அந்த வட்டத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

பாக்கி இருந்தது நான் கடித்த திருகாணி. கட்டைக்கு அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குத் திருகாணி அசையவேண்டும். மாமாவிடம் தச்சன் திருப்புளி ஒன்று இருந்தது. தாத்தா அதைக் கையால்கூடத் தொடவில்லை. மரத் திருகாணிக்கு அகலமான பள்ளம். ஆப்பு மாதிரி நுனி அதற்குப் போதும். துப்பாக்கித் திருகாணியின் பள்ளம் மெலிசு. அதன் சுவர் இரண்டும் செங்குத்தாக இறங்கும். ஆப்பு நுனி அதில் மேல் உதட்டை மட்டும்தான் தொடும். திருகினால் ஏறி வழுக்கும். வழுக்கும்போது உதட்டைக் கிழிக்கும். என் மேஜைக் கத்தி செய்தது அதுதான். பள்ளத்தின் அடிவரை இறங்கி, இரண்டு சுவரையும் முழுக்கத் தொட்டு நிற்கிற நுனி வேண்டும்.

தாத்தா பனையோலையை நறுக்கிப் பள்ளத்தில் ஒவ்வொரு நறுக்காகச் செருகினார். இறுக நிற்கிறவரை செருகி, அத்தனையையும் ஒன்றாக நூலால் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் பஸ்ஸில் என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

மாமல்லபுரத்துக்கு ஏன் என்றால், உளி இருக்கிற ஊரில்தான் உளி காய்ச்சுகிறவரும் இருப்பார். சர்க்கார் சிற்பப் பள்ளி 1957-ல் ஆரம்பித்து நாலு வருஷமாகியிருந்தது. கருங்கல்லில் வேலை செய்தால் உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும், உலையும் ஓயாது. உலைக்குப் போகிற வழியில் தாத்தா ஒரு பாறையைக் காட்டினார். பல்லவர் காலத்துச் சிற்பி பாதியில் விட்டுவிட்டுப் போன குடைவு வேலை. பாறையின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, நடுவில் நின்ற சதுரத் துண்டுகளைத் தட்டி எடுத்திருக்கிறான். சில சதுரங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. "பார்த்தியா, பாறையைக்கூட முரட்டுத்தனமா இடிக்கலே" என்றார். முடிந்த கோயில்களை எல்லோரும் பார்க்கிறார்கள். வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் முடியாத கோயில்களைத்தான் பார்க்கவேண்டும்.

உலைக்காரர் ஓலைக் கட்டை வாங்கி விரல் நுனியில் உருட்டினார். தேய்ந்து குட்டையாகிவிட்ட ஓர் உளியை எடுத்து உலையில் வைத்தார். அடித்தார், அரத்தால் ராவினார், ஓலையோடு ஒத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இவர் தலையை ஆட்டுவார். அவர் மறுபடியும் ராவுவார். கடைசியில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, முனையைத் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபடியும் அனலுக்கு மேலே மெல்லக் காட்டினார். அப்போது நான் கண்ட வேடிக்கையை என்னவென்று சொல்வது! வெள்ளை எஃகின்மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடிவந்தது. பிறகு பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ, அதற்கப்புறம் மயில் கழுத்து நீலம். நீலம் வந்த கணத்தில் உலைக்காரர் அதைச் 'சுர்' என்று தண்ணீரில் அமுக்கினார். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் எஃகு கடினமாக இருக்கும், ஆனால் முறுக்கினால் தெறித்துவிடும். நீலம் வரை போக விட்டால் கொஞ்சம் மிருதுவாகி முறுக்குத் தாங்கும். திருப்புளி முறுக்குத் தாங்கவேண்டும். உஷ்ணமானியோ புஸ்தகமோ அவரிடம் இல்லை. நிறம்தான் கணக்கு. கூலியாக ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்தத் திருப்புளியைத்தான் என் பேரன் பெயிண்ட் டப்பாவில் நுழைத்தான்.

அது பள்ளத்தில் உட்கார்ந்தபோது ஆடவே இல்லை. தாத்தா உள்ளங்கையால் பிடியை ஒரு தட்டுத் தட்டி, அழுத்திக்கொண்டு கால் திருப்புத் திருப்பினார். நான் முழு பலத்தோடு மல்லாடின திருகாணி, சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை மாதிரி சுழன்றது. கிழிந்த உதட்டைச் சின்னச் சுத்தியால் தட்டி ஒருவாறு மடக்கினார். வடு போகவில்லை. "இருக்கட்டும்" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

சரியான உபகரணம் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதற்கப்புறம் சில வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சீன யுத்தத்துக்குப் பிறகு 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள், 1968 வரை அப்படி இருந்தது. என் காலம் அதில் வந்தது. அங்கே ரைபிள் துடைக்க 'புல்-த்ரூ' என்று அசல் பட்டாளத்துச் சாமானே இருந்தது: ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறு முனையில் துணி செருகக் கண்ணி வைத்த கயிறு. குண்டைப் பின்வாயில் போட்டால் குழல்வாயில் வந்து விழும், பிடித்து இழுக்கவேண்டியதுதான். நாங்கள் என்ன செய்தோம்? பரேடு முடிந்து டிபனுக்கு ஓடுகிற அவசரத்தில் கயிற்றைச் சாய்வாக இழுத்தோம். மைதானத்துப் புழுதி படிந்த கயிறு. ஒரு கிழட்டு ரைபிளின் குழல்வாயில், ஒரே பக்கமாக, கிணற்றுக் கல்லில் தாம்புக் கயிறு போட்ட தடம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. குண்டு துப்பாக்கியை விட்டுப் பிரியும்போது கடைசியாகத் தொடுவது அந்த விளிம்பைத்தான். அது ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், எத்தனை நன்றாகக் குறி பார்த்தாலும் குண்டு அந்தப் பக்கம் முகம் கோணிக்கொண்டு போகும். எங்களுக்கு முன்னால் எத்தனை செட்டுப் பையன்கள் இழுத்தார்களோ! பட்டாளத்துக்காரர்கள் இந்தத் தேய்மானத்துக்குக் கயிற்றுத் தேய்மானம் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நேராக இழுத்தால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பொறுமை வேண்டும். அதை ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்க முடியாது.

உப்பு விஷயம் எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது கடற்கரைக் கோயிலில். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நாள் அங்கே போயிருந்தேன். தொல்பொருள் துறை ஆட்கள் கோயில் சுவரில் சாந்து மாதிரி எதையோ அப்பிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று விசாரித்தேன். காகிதக் கூழாம். உப்பில்லாத சுத்த நீரில் ஊறவைத்த கூழைக் கல்லின்மேல் அப்பி உலர விடுவார்கள். கல்லுக்குள் ஏறியிருக்கும் கடல் உப்பு நீரில் கரைந்து கூழுக்கு வந்துவிடும். உரித்து எறிந்துவிட்டு மறுபடியும் அப்புவார்கள். 1984-ல் உலகச் சொத்து என்று யுனெஸ்கோ பட்டியலில் ஏறின கோயிலுக்கு வைத்தியம், ஊறின காகிதம்! எனக்கு அத்தையின் கெண்டி கண்முன் வந்தது.

1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மாமா சுடுவதையே நிறுத்திவிட்டார். பன்றிக்கு மறுபடியும் டின்தான். ஆனால் லைசென்ஸைப் புதுப்பிப்பதை நிறுத்தவில்லை, துடைப்பதையும் நிறுத்தவில்லை. சுடாத துப்பாக்கிக்குக் கடல் காற்று ஓய்வு கொடுக்காதல்லவா? மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார். தாத்தாவின் மூங்கில் கோல் பழுத்துச் சிவந்து, பித்தளை மாதிரி ஆகிவிட்டது. தாத்தா போய்விட்டார். பிறகு மாமாவும் போனார். அவர் பிள்ளைக்குத் துப்பாக்கியில் ஆசை இல்லை. சட்டப்படி எழுத வேண்டியதெல்லாம் எழுதி, சென்னையில் ஒரு வியாபாரியிடம் கொடுப்பதற்காகப் போனபோது என்னையும் துணைக்குக் கூப்பிட்டான்.

வியாபாரி வயசானவர். போல்ட்டைக் கழற்றிக் குழலை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "எந்த ஊர்த் துப்பாக்கி இது?" என்றார். சொன்னோம். "கடற்கரைத் துப்பாக்கியா? நம்பமுடியவில்லையே! அங்கிருந்து வருவதெல்லாம் உள்ளே அம்மை வார்த்த மாதிரி இருக்கும்" என்றார்.

பிறகு துப்பாக்கியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. இந்தத் திருகாணி மட்டும் யாரோ கடித்த மாதிரி இருக்கிறதே?"

"நான்தான்" என்றேன்.

அவர் என் நரைத்த தலையை ஒரு பார்வை பார்த்தார். மேஜை அறையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. இன்னொன்றை எடுத்தார். நான் என் பையிலிருந்து மாமல்லபுரத்துத் திருப்புளியை எடுத்து நீட்டினேன். அதைப் பள்ளத்தில் வைத்தார். கையை எடுத்துவிட்டார். திருப்புளி தானாகவே செங்குத்தாக நின்றது.

"இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

நான் அதை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.